அத்தியாயம் 7: விதிக்கு இரண்டு பொருள் வரும்போது

கேரளத்தின் போனக்காட்டுப் பங்களாவுக்குள் உங்கள் குழு நுழைந்துவிட்டது. சென்ற அத்தியாயத்தில் போட்ட வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். விதுராவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் ரோடு, ஓட்டம் நின்ற தேயிலை ஃபேக்டரி, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள், அவற்றுக்கு மேலே காட்டை ஒட்டி ‘25 ஜிபி’ என்று ஊரில் சொல்லும் வெள்ளைக்கார மேனேஜரின் பழைய பங்களா. உள்ளே கணப்படுப்பு இருக்கும் பெரிய அறையில் ஏதோ ஒன்று நிற்கிறது. யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மந்திரவாதியாக ஆடும் தம்பி மட்டும் ‘சீ இன்விசிபிலிட்டி’ மந்திரத்தை வாசலிலேயே போட்டுவிட்டான். அவனுக்கு அது தெரிகிறது. கத்தியை ஓங்குகிறான்.

“இருபது முகப் பகடையை ஒரு தடவை உருட்டுறேன்.”

“ரெண்டு தடவை உருட்டிக் குறைஞ்சதை எடு. அது இன்விசிபிள்.”

“எனக்குத்தான் தெரியுதே அண்ணா! கண்ணுக்குத் தெரியாததுக்குத்தானே டிஸ்அட்வான்டேஜ்?”

“புக்குல அப்படி எங்க எழுதியிருக்கு, காட்டு.”

இந்தச் சண்டை கற்பனையானது. ஆனால் 2014-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பை ஆடிய மேசைகளில் இதே சண்டை எத்தனையோ முறை உண்மையாகவே நடந்திருக்கிறது. அந்தப் பதிப்பில் ‘இன்விசிபிள்’ என்ற நிலைக்கு இரண்டு குறிப்புகள் உண்டு. மந்திரமோ சிறப்புப் புலனோ இல்லாமல் அந்த உயிரைப் பார்க்க முடியாது என்பது முதல் குறிப்பு. அதைத் தாக்குபவருக்கு டிஸ்அட்வான்டேஜ், அது தாக்கினால் அதற்கு அட்வான்டேஜ் என்பது இரண்டாவது. முதலாவது நீங்கினால் இரண்டாவதும் நீங்குமா? புத்தகம் வாய் திறக்கவில்லை.

பகடைக் கணக்கில் இது சின்ன விஷயமில்லை. 11-உம் அதற்கு மேலும் விழுந்தால் அடி படும் என்று வைத்துக்கொண்டால், சாதாரணமாக உருட்டும்போது வாய்ப்பு 50 சதவீதம். இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுத்தால் 25 சதவீதம். அந்த உருவம் திருப்பி அடிக்கும்போது அட்வான்டேஜ் கிடைத்து, இரண்டில் கூடியதை எடுத்தால் அதே கணக்கு 75 ஆகிறது. ஒரு வரியை எப்படிப் படிக்கிறோம் என்பதில் மந்திரவாதியின் உயிரே இருக்கிறது. தம்பி குரலை உயர்த்தினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு பேருமே நேர்மையாகத்தான் படிக்கிறார்கள். அவரவர் கையில் இருப்பதைப் பாருங்கள்.

அண்ணன் சொல்வது: இதே புத்தகத்தில் ‘ஃபேரி ஃபயர்’ என்று ஒரு மந்திரம் உண்டு. அதில் அகப்பட்ட உயிர், கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதன் பலனைப் பெற முடியாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அங்கே எழுதத் தெரிந்தவர்களுக்கு இங்கே எழுதத் தெரியாதா? எழுதாமல் விட்டதற்குக் காரணம் இருக்க வேண்டும். தவிர, பார்க்க முடிகிற மந்திரவாதிக்கு வேறு பலன்கள் உண்டு. இலக்கைக் கண்ணால் கண்டால்தான் போடக்கூடிய மந்திரங்களை அவன் இப்போது போடலாம். மந்திரம் வீணாகிவிடவில்லை.

தம்பி சொல்வது: சண்டை பற்றிய பகுதியில், இலக்கு தெரியாவிட்டால் டிஸ்அட்வான்டேஜ் என்று பொதுவிதி ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது குறிப்பு அதைத்தான் நினைவூட்டுகிறது. காரணம் போன பிறகு விளைவு மட்டும் எப்படி நிற்கும்?

விதி வடிவமைப்பின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜெரமி கிராஃபோர்ட் அண்ணன் பக்கம் பேசினார். எழுத்துப்படி இரண்டும் தனித்தனி, பார்க்க முடிந்தாலும் பலன் நிற்கும் என்றார். ஏற்காத மேசைகள் ஏராளம். 2024-இல் திருத்திய புத்தகம் வந்தபோது, உங்களைப் பார்க்க முடிகிற உயிரிடம் அந்தப் பலன் செல்லாது என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். தம்பி ஜெயித்தான் என்று இதற்கு அர்த்தமில்லை. பத்தாண்டுகள் இரண்டு வாசிப்புக்கும் இடம் இருந்தது, பிறகு நூலாசிரியர்கள் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

எந்த வகைக் குறை என்று முதலில் பாருங்கள்

போனக்காட்டிலிருந்துதான் அகத்தியர்கூடத்துக்கு ஏறுகிறார்கள். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில்தான் தமிழ் மரபு அகத்தியரை வைத்திருக்கிறது. முதல் இலக்கணத்தை அவர் எழுதினார், தொல்காப்பியர் அவருடைய மாணவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அகத்தியம் நமக்குக் கிடைக்கவில்லை. தொல்காப்பியம் கிடைத்தது. அதன் மரபியலில் ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களின் பட்டியல் இருக்கிறது. நன்னூலிலும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. ஆட்ட விதிகளோடு மல்லாடுகிறவர்களுக்குத் தொல்காப்பியப் பட்டியலில் மூன்று போதும்: குன்றக் கூறல், மயங்கக் கூறல், மாறுகொளக் கூறல்.

மேசைச் சண்டைகளில் பாதி, இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

போனக்காட்டுக் காட்டில் மழைக்காலத்தில் அட்டை ஏறும். உங்கள் கதையிலும் ஏறட்டும். அட்டை கடித்தால் எத்தனை ஹிட் பாயின்ட் போகும்? புத்தகம் அட்டையைப் பற்றிப் பேசவே இல்லையென்றால் அது குன்றக் கூறல். வாசித்து எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான். இங்கே போய் “புக்கு என்ன சொல்லுது” என்று அரை மணி நேரம் பக்கம் புரட்டுவது, இல்லாத வரியைத் தேடுவதாகும். தேடத் தேட யாராவது வேறு எதற்கோ எழுதிய ஒரு வரியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இதற்குப் பொருத்துவார்கள். அங்கேதான் ஆட்டம் கெடுகிறது.

மாறுகொளக் கூறல் என்பது ஓரிடத்தில் ஒன்றும் இன்னோரிடத்தில் அதற்கு நேர் எதிரும் இருப்பது. இதற்கு ஐந்தாம் பதிப்பே வழி சொல்லிவிட்டது. பொதுவிதியும் சிறப்புவிதியும் மோதினால் சிறப்புவிதி நிற்கும். ஒரு முறையில் ஒரு போனஸ் ஆக்‌ஷன்தான் என்பது பொது. உங்கள் கேரக்டரின் திறமைக் குறிப்பு அதற்கு விலக்குக் கொடுத்தால் அந்த விலக்கு செல்லும். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. பொதுவிதியும் அதைத் தாண்டும் சிறப்புவிதியுமாகத்தான் புணர்ச்சி இலக்கணத்தையே படித்தோம்.

மிச்சம் இருப்பது மயங்கக் கூறல். சொல் இருக்கிறது, அதற்கு இரண்டு பொருள் வருகிறது. பங்களாவில் நடந்த சண்டை இந்த வகை. விவாதத்துக்குத் தகுதி இதற்கு மட்டுமே உண்டு. சுவையும் இதில்தான் இருக்கிறது.

அதே மரபியல் முப்பத்திரண்டு உத்திகளையும் சொல்கிறது. ஒன்றைச் சொல்லி, சொல்லாத இன்னொன்றை உணர வைப்பது அவற்றில் உண்டு. மேலே அண்ணன் ஃபேரி ஃபயரைக் காட்டி வாதாடியதை எண்ணிப் பாருங்கள். ஒரு தொடர் பல பொருளுக்கு இடம் கொடுத்தால் அவற்றுள் நல்லதைக் கொள்வது இன்னோர் உத்தி. யாருக்கு நல்லது என்ற கேள்வி உடனே வரும். ஆட்ட மேசைக்கு நான் சொல்லும் பதில்: அடுத்த வாரமும் இதே ஆட்கள் இதே விதியோடு ஆட முடியுமோ, அந்தப் பொருளே நல்லது.

இரண்டு நிமிட வழக்கம்

ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது வாதத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்குள் முடிக்க ஒரு வரிசை உண்டு. ஆடி ஆடிப் பழகிவிட்டால் யாரும் சொல்லாமலே நடக்கும்.

பகடையில் யாரும் கை வைக்கக் கூடாது. இதுதான் முதல் படி, எல்லாவற்றையும்விட முக்கியமான படியும் இதுவே. எண் விழுந்த பிறகு விதியைப் பேசினால், எல்லோருமே தங்களுக்கு வேண்டிய எண்ணுக்கு ஏற்றபடிதான் விதியைப் படிப்பார்கள். மனித மனம் அப்படித்தான். ஏற்கெனவே உருட்டியாகிவிட்டது என்றால் அந்த முடிவு அப்படியே நிற்கட்டும். தீர்ப்பு அடுத்த உருட்டலுக்குச் செல்லும்.

அடுத்து, விதியை மூல வாக்கியத்திலேயே ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். ஞாபகத்திலிருந்து சொல்லக் கூடாது. நம் மேசைகளில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. புத்தகம் ஆங்கிலத்தில், ஆட்டம் தமிழில். ஆங்கிலம் சரளமாக வருபவர் சொல்வதே விதி என்று ஆகிவிடும். அதனால் படித்து முடித்ததும் ஒவ்வொருவரும் தமிழில், “அப்படின்னா இப்ப பங்களாவுக்குள்ள என்ன நடக்குது?” என்பதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லட்டும். வாதம் இலக்கணத்திலிருந்து இறங்கி அறைக்குள் வந்துவிடும். மந்திரவாதிக்கு உருவம் தெரிகிறதா, தெரிந்தும் ஏன் கத்தி தவறுகிறது என்று பேச ஆரம்பித்தால், ஆங்கிலம் அதிகம் வராத ஆளிடமிருந்து மிகக் கூர்மையான கேள்வி வருவதைப் பார்ப்பீர்கள்.

யாரை முதலில் பேசச் சொல்வது? வயதில் சின்னவரை. அண்ணன் ஒரு தரம் சொல்லிவிட்டால் தம்பி தங்கைகள் வாய் மூடிக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். வீட்டில் அது மரியாதை. ஆட்ட மேசையில் அது ஒரு நல்ல வாசிப்பை யாரும் கேட்காமலே புதைத்துவிடுகிறது. கேம் மாஸ்டர் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: “நீ சொல்லும்மா, உனக்கு எப்படிப் படுது?”

பிறகு கட்சி மாற்றிப் பேசச் சொல்லுங்கள். அண்ணன் தம்பியின் வாதத்தைச் சொல்ல வேண்டும், தம்பி அண்ணனுடையதை. தமிழ் உரைமரபில் இது ஊறிய பழக்கம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முந்திய இளம்பூரணரின் கருத்தோடு பல இடங்களில் மோதுகிறார். மோதும்போது முன்னவர் என்ன சொன்னார் என்பதை எடுத்துவைத்துவிட்டுத்தான் மறுக்கிறார். அதனால் நூற்றாண்டுகள் கழித்து வாசிக்கும் நமக்கு இரண்டு பக்கமும் கிடைக்கிறது, சில இடங்களில் சேனாவரையரை ஒதுக்கி இளம்பூரணர் பக்கம் சாயவும் முடிகிறது. எதிராளியின் வாதத்தைச் சரியாகச் சொல்ல முடியாதவருக்கு அதை மறுக்கும் தகுதி வரவில்லை என்று மேசையில் ஒரு கட்டுப்பாடாகவே வையுங்கள். பாதி வாதங்கள் இந்தப் படியிலேயே கரைந்துவிடும். “ஓ, நீ அதைச் சொல்றியா?” என்று ஒருவர் சொல்வார், முடிந்தது.

கரையாவிட்டால் கடைசிக் கேள்வி: எதிரிக்கும் இதே விதி செல்லுமா? நாளை உங்கள் திருடன் மருந்து குடித்து மறைந்து நிற்கும்போது, காட்டு யட்சிக்கு மறைந்ததைப் பார்க்கும் கண் இருந்தால், உங்கள் திருடனுக்குப் பாதுகாப்பு உண்டா இல்லையா? இன்றைக்குக் கேட்கும் அதே பதிலை அன்றைக்கும் ஏற்பீர்களா? தம்பி ஒரு கணம் யோசித்துவிட்டு “ஏத்துக்கிறேன்” என்றால் அவன் வாதத்துக்கு எடை கூடுகிறது.

இதன்பின் கேம் மாஸ்டர் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும். தராசு சமமாக நின்றால் கேரக்டரின் உயிரைக் காக்கும் பக்கம் சாயுங்கள். தயவு காட்டித் தவறினால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். ஐந்து மாதம் வளர்த்த கேரக்டரைத் தவறாகக் கொன்றுவிட்டு, “நாம படிச்சது தப்பு, எழுந்து வா” என்று சொன்னால் கதை உடைந்துவிடும்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கேம் மாஸ்டருக்குத் தெரிந்த ரகசியம் வேறு, விதியின் குழப்பம் வேறு. அந்தக் கணப்படுப்பின் முன் நிற்பது சாதாரண இன்விசிபிள் உயிராக இல்லாமல் இருக்கலாம். அதனாலேயே கத்தி தவறலாம். அப்போது விதியைத் திரித்துச் சமாளிக்காதீர்கள். “விதிப்படி நீ சொல்றது சரி. ஆனா கத்தி படல. ஏன்னு இப்பச் சொல்ல முடியாது, கதையில தெரியவரும்” என்று நேராகச் சொல்லுங்கள். கேட்பவர் முகத்தில் கோபம் போய் ஆர்வம் வரும்.

எழுதியவரையே கேட்டுவிட்டால்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் பெயரில் மூன்று சிறு புத்தகங்களாக வந்தது. ஐந்தே ஆண்டில் கேள்வி-பதில் பகுதி தேவைப்பட்டுவிட்டது. 1979-இல் ‘தி டிராகன்’ பத்திரிகையில் ‘சேஜ் அட்வைஸ்’ தொடங்கியது, ஜீன் வெல்ஸ் பதில் எழுதினார். அந்தப் பெயர் இன்றுவரை தொடர்கிறது. ஆட்டக்காரர்களின் ஐயம் அரை நூற்றாண்டாக ஓயவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்படியானால் எழுதியவரிடம் கேட்டு அவர் சொன்னதை வைத்துக்கொண்டால் போதாதா? 2014 பதிப்பின் ‘ஷீல்ட் மாஸ்டர்’ என்ற திறமையின் கதையைப் பாருங்கள். உங்கள் முறையில் அட்டாக் ஆக்‌ஷன் எடுத்தால், போனஸ் ஆக்‌ஷனாக எதிரியைக் கேடயத்தால் தள்ளலாம் என்பது அதன் சாரம். முதலில் தள்ளிவிட்டு அப்புறம் வெட்டலாமா? தள்ளி விழ வைத்தால் கிட்ட நின்று வெட்டும்போது அட்வான்டேஜ் கிடைக்கும். ஆகவே எது முன், எது பின் என்பதில்தான் உயிர்நாடி. 2015-இல் கிராஃபோர்ட் முன்னாலும் தள்ளலாம் என்றார். 2018-இல் அதை மாற்றி, அட்டாக் ஆக்‌ஷன் முதலில் வர வேண்டும் என்றார். வாக்கியம் அதே வாக்கியம், எழுத்து மாறவில்லை, பதில் மாறியது. 2024 பதிப்பில் வாக்கியத்தையே மாற்றி, அடி பட்ட உடனே தள்ளலாம் என்ற பொருளில் எழுதினார்கள்.

இதில் கிராஃபோர்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் வாக்கியத்தைத் தானே மறுபடி வாசித்து, வேறு முடிவுக்கு வந்து, அதை வெளிப்படையாகச் சொன்னார். நமக்குப் பாடம் வேறு. எழுதியவரும் ஓர் உரையாசிரியர்தான், மற்ற உரையாசிரியர்களைவிட நன்றாக விஷயம் தெரிந்தவர். அவர் உரையைத் தேடிப் படியுங்கள், மதியுங்கள், காரணம் கேளுங்கள். ஆட்டத்தின் நடுவில் கைபேசியை எடுத்து அவர் சொன்னதைக் காட்டி ஒரு சின்னப் பெண்ணின் வாயை அடைக்க மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

விதி எதற்காக வந்தது

நீதிமன்றங்களுக்கு இந்தத் தலைவலி நம்மைவிடப் பழையது. 1584-இல் இங்கிலாந்தில் ஹெய்டன் வழக்கில் ஒரு வழி வகுத்தார்கள். இந்தச் சட்டம் வருமுன் நிலைமை என்ன, அதில் என்ன கேடு இருந்தது, அதற்கு இந்தச் சட்டம் என்ன மருந்து கொடுக்கிறது என்று கேட்டு, கேட்டை அடக்கி மருந்தை வளர்க்கும் பொருளை எடுக்க வேண்டும். 1955-இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் இந்த வழியைப் பின்பற்றியது.

போனக்காட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அகத்தியர்கூட ஏற்றத்துக்குக் கேரள வனத்துறையின் அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு. எதற்கென்று கேட்டால் காட்டுக்காக என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பெண்கள் உச்சிக்குப் போகக் கூடாது என்றும் ஒரு தடை இருந்தது. அது நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம், பாலினத்தைக் காரணம் காட்டி ஏற்றத்தைத் தடுக்க முடியாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் போனக்காட்டிலிருந்து கிளம்பி உச்சியைத் தொட்டார். அந்த மலையைத் தங்கள் தெய்வத்தின் இடமாக வணங்கும் காணி மக்களுக்கு அதில் உடன்பாடில்லை. தங்கள் எதிர்ப்பை அமைதியாகத் தெரிவித்தார்கள். ஒரு மக்களின் நம்பிக்கையையும் பெண்களின் உரிமையையும் பகடை ஆட்டத்தோடு சமன்படுத்த எனக்கு விருப்பமில்லை. கேட்கும் கேள்வியின் வடிவத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்: இந்த விதி எதைக் காக்கிறது?

மேசைக்கு வருவோம். ‘கால் ஆஃப் கதுலு’ ஏழாம் பதிப்பில் ‘புஷ்’ என்றொரு விதி இருக்கிறது. பயத்தை மையமாகக் கொண்ட அந்த ஆட்டத்தில் போனக்காட்டுக் கதை இன்னும் நன்றாகப் பொருந்தும். ஒரு முயற்சி தோற்றால், வேறு விதமாக முயல்வதைச் சொல்லி இன்னொரு தரம் உருட்டலாம். இரண்டாவதும் தோற்றால் விளைவு முன்னைவிட மோசம். பூட்டிய ஃபேக்டரிக் கதவைத் திறக்கப் பார்த்து ஒருவர் தோற்கிறார். “இன்னும் பலமாத் தள்ளுறேன்” என்கிறார். அது வேறு விதமா?

சொல்லை மட்டும் எடை போட்டால் ராத்திரி முழுக்கப் பேசலாம். விதி எதற்காக என்று கேளுங்கள். ஆடுபவர் தெரிந்தே கூடுதல் ஆபத்துக்குள் காலை வைக்க வேண்டும், கதை ஒரு படி இறுக வேண்டும், இதற்காகத்தான் அது இருக்கிறது. ஆகவே கேம் மாஸ்டர் கேட்க வேண்டியது: “பலமாத் தள்ளினா சத்தம் கேக்கும். கீழ லயம் வரைக்கும் கேக்கும். காட்டுப் பக்கமும் கேக்கும். பரவாயில்லையா?” ஆடுபவர் ஒரு கணம் தயங்கி, “பரவாயில்ல, தள்ளுறேன்” என்றால் விதியின் வேலை நடந்துவிட்டது. ஆபத்து எதுவும் கூடாத இடத்தில் வெறுமனே “திரும்பப் பாக்கிறேன்” என்றால் புஷ் இல்லை.

வேண்டுமென்றே முறுக்குபவர்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகத்தில் பேர்போன ஒரு வாதம் இருக்கிறது. ஒரு சுற்று ஆறு நொடி. ஆயிரக்கணக்கான குடியானவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் ‘ரெடி’ ஆக்‌ஷனால் ஒரு கழியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தால், ஆறே நொடியில் கழி மைல் கணக்கில் பறக்கும், கடைசி ஆள் கைவிட்டால் பீரங்கிக் குண்டாகப் பாயும். போனக்காட்டு ரோட்டில் விதுரா வரை ஆளை நிறுத்தலாம் என்று உங்கள் குழுவிலும் ஒருவர் கிளம்புவார்.

இது மயங்கக் கூறல் இல்லை. விதிப்படி கழி கைமாறும் வரை பேசிவிட்டு, பாயும்போது மட்டும் இயற்பியலைக் கூப்பிடுகிறார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். 2024-இன் டன்ஜன் மாஸ்டர் வழிகாட்டி, விதிகள் இயற்பியல் ஆகாது, நல்லெண்ணத்தோடு வாசித்தால்தான் விதிகள் நிற்கும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறது. சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

அங்கே இருப்பவர்களுக்காக ஒரு விதி

போனக்காட்டைக் களமாக எடுக்கும் குழுக்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த லயங்கள் ஓவியத்தில் வரைந்தவை இல்லை. தேயிலை கிள்ள வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள், தோட்டம் நின்ற பிறகு கூலி பாக்கிக்கும் ஓய்வுக்காலப் பணத்துக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள். பங்களாவில் வெள்ளைக்கார மேனேஜர் மகளின் ஆவி உலவுகிறது என்ற கதையைக் கேட்டு வண்டி எடுத்துக்கொண்டு ராத்திரியில் போகிறவர்கள், போகிற வழியில் இருக்கும் அந்த வீடுகளைப் பார்ப்பதில்லை.

கதையில் லயத்து ஆட்கள் வரட்டும். பயமுறுத்தவும் பலியாகவும் மட்டும் வரக் கூடாது. அவர்களுக்கும் கேரக்டர் ஷீட் எழுதுங்கள், பங்களாவைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். “என் கேரக்டர் லயத்துக்குள் புகுந்து தேடுகிறான், தடுக்க விதி இல்லை” என்று ஒருவர் சொன்னால், அது குன்றக் கூறல் என்பதை நினைவில் வைத்துக் கேம் மாஸ்டர் விதி செய்யட்டும்: கதவைத் தட்ட வேண்டும், உள்ளே இருப்பவர் பேசுவார். ஆட்டம் தொடங்குமுன்பே இதைப் பேசி முடித்துவிட்டால் இன்னும் நல்லது.

தீர்ப்பு நோட்டு

தாயம் ஆடும் வீடுகளில், எதிரியின் காயை வெட்டாமல் உள்ளே போகலாமா கூடாதா என்பதைக் காய் வைக்குமுன்பே கேட்டுவிடுவார்கள். ஊருக்கு ஊர் அது மாறும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கத்தை ஆர்பிஜி மேசைக்கும் கொண்டுவரத் தேவையானது ஒரு நாற்பது பக்க நோட்டு.

ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: எந்த விதி, எந்தப் பதிப்பு, என்ன தீர்ப்பு, என்ன காரணம், தோற்ற வாசிப்பு என்ன. கடைசியை விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். தோற்றவருக்குத் தன் வாதம் கேட்கப்பட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆறு மாதம் கழித்து அதே கேள்வி வேறு உருவில் வரும்போது முழு வாதத்தையும் முதலிலிருந்து நடத்த வேண்டியிருக்காது. பங்களாச் சண்டையின் பதிவு இப்படி இருக்கலாம்:

“இன்விசிபிள் நிலை, 2014. பார்க்க முடிகிறவரிடம் அதன் பலன் செல்லாது. காரணம்: இரண்டாம் குறிப்பை முதல் குறிப்பின் விளைவாகக் கொண்டோம், எதிரிக்கும் இதே விதி. மறுப்பு: ஃபேரி ஃபயரில் வெளிப்படையாகச் சொன்னதை இங்கே சொல்லவில்லை, எழுத்துப்படி இரண்டும் தனி.”

மறுவிசாரணை வேண்டுபவர் ஆட்டம் முடிந்து டீ போடும் நேரத்தில் கேட்கலாம். ஆனால் புதிதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டும்: யாரும் கவனிக்காத ஒரு வரி, புதிய பதிப்பு, அல்லது அந்தத் தீர்ப்பால் ஆட்டத்தில் நேர்ந்த ஒரு விபரீதம். பழைய வாதத்தைக் குரலை உயர்த்திச் சொல்வது புதியது ஆகாது. தீர்ப்பு மாறினால் பழையதை அடிக்காமல், கீழே தேதியோடு புதியதை எழுதுங்கள். மாறிய தீர்ப்பு அடுத்த ஆட்டத்திலிருந்து செல்லும், முடிந்த சண்டைகளைத் திரும்ப எண்ண வேண்டாம். புதிதாக ஒருவர் குழுவில் சேரும்போது, கேரக்டர் எழுதுமுன் இந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள். எந்தத் தீர்ப்பு அவருக்கு ஒவ்வவில்லை என்று கேளுங்கள். வெளியாள் கண்ணுக்கு முதல் வாசிப்பிலேயே தட்டுப்படும் ஓட்டைகள், உள்ளே இருப்பவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் தெரிவதில்லை.